சவுண்ட் பாக்ஸ் சந்தேகங்கள்: ஹார்ன் கட்டலாமா, வேணாமா?

ஹார்ன் பாக்ஸ் (ஸ்பீக்கரோட சத்தத்தை விரியுற குழாய் வழியா வெளிய விடுற பாக்ஸ்) பத்தி மட்டும் கேள்வி குவிஞ்சு கிடக்கு, அதனால மைக், மிக்ஸர் கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இந்த தடவை முழுக்க ஹார்ன்தான்.

கேள்வி: கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம்னு சவுண்ட் சர்வீஸ் நடத்துறேன். 18 இன்ச் ரிஃப்ளெக்ஸ் பேஸ் பாக்ஸ் (ஓட்டை வெச்ச சாதாரண பேஸ் பாக்ஸ்) 4 இருக்கு. ஜெனரேட்டர் டீசலுக்கே வாடகைல பாதி போயிடுது. ஹார்ன் பாக்ஸ் கட்டுனா பாதி ஆம்ப்லயே அதே சத்தம் வரும்ங்கிறாங்க, உண்மையா சார்? 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கணும், ஆனா பாக்ஸ் 3 அடிக்கு மேல போகக்கூடாது, டாடா ஏஸ்ல ஏறணும். (சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர், தேனி)

பாதி ஆம்ப்னு சொன்னவர் பொய் சொல்லல, ஆனா எந்த ஹெர்ட்ஸ்லன்னு சொல்லாம விட்டுட்டார், அங்கதான் எல்லா விஷயமும் இருக்கு.

முதல்ல ஹார்ன் என்ன பண்ணுதுன்னு பாத்துடலாம். கோன், அதாவது ஸ்பீக்கர்ல முன்ன பின்ன ஆடுற கூம்பு, கனமான சாமான், காத்து லேசு. கோன் முன்னாடி பின்னாடி ஆடும்போது காத்து அதுக்கு பெருசா எதிர்ப்பே காட்டாம விலகிப் போயிடுது, அதனால ஆம்ப் குடுக்குற கரண்ட்ல பெரும்பகுதி காயில்ல சூடாத்தான் போகுது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர்ல 97 டிபி (டெசிபல், சத்தத்தோட அளவு) குடுக்குற ரிஃப்ளெக்ஸ் பாக்ஸை தரையில வெச்சா அதோட செயல்திறன் சுமார் 3 சதவீதம்தான். 1000 வாட் குடுத்தா 30 வாட் சத்தம், மிச்சம் 970 வாட் சூடு. அதே கோனை ஒரு சின்ன தொண்டைல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா விரியுற குழாய்க்கு முன்னாடி வெச்சா, தொண்டைல இருக்குற காத்து எளிசா விலக முடியாது, கோனுக்கு தள்ள ஒரு பிடிமானம் கிடைக்குது, அதனால கொஞ்சமா அசைஞ்சே நிறைய சத்தம் குடுக்கும். ஹார்ன் புதுசா பவர் எதுவும் உண்டாக்குறதில்ல, சூடா வீணாகுறதுல ஒரு பங்கை சத்தமா மாத்துது, அவ்வளவுதான். நல்லா டிசைன் பண்ண ஹார்ன் 15, 20 சதவீதம் வரைக்கும் போகும். 3-க்கும் 15-க்கும் நடுவுல 7 டிபி இருக்கு, ஆம்ப் கணக்குல அது 5 மடங்கு.

இப்ப கெட்ட செய்தி. அந்த பிடிமானம் எந்த ஹெர்ட்ஸ் வரைக்கும் நிக்கும்ங்கிறதை குழாய் எவ்வளவு மெதுவா விரியுதுங்கிறதும், வாய் எவ்வளவு பெருசுங்கிறதும்தான் முடிவு பண்ணும், அதுல நாம பேரம் பேச முடியாது. சத்தத்தோட வேகம் நொடிக்கு சுமார் 345 மீட்டர், அப்போ 40 ஹெர்ட்ஸோட அலைநீளம் 8.6 மீட்டர். வாயோட சுற்றளவு ஒரு அலைநீளம் இருக்கணும்ங்கிறது பழைய கணக்கு. அந்தரத்துல தொங்குற ஹார்னுக்கு 40 ஹெர்ட்ஸ் கணக்குல 5.9 சதுர மீட்டர் வாய் வேணும். தரையில வெச்சா தரையே பாதி வேலையை பாத்துக்கும், அதனால சுமார் 3 சதுர மீட்டர் போதும். போதும்னு சொல்றேனே தவிர, அது ஐந்தரை அடிக்கு ஐந்தரை அடி! நீளம்? எக்ஸ்பொனென்ஷியல் ஹார்ன்ல 40 ஹெர்ட்ஸுக்கு ஒவ்வொரு 47 சென்டிமீட்டருக்கும் பரப்பளவு ரெண்டு மடங்காகணும், அதைவிட வேகமா விரிஞ்சா கட்ஆஃப், அதாவது ஹார்ன் வேலை செய்ற கீழ் எல்லை, மேல ஏறிடும். 500 சதுர சென்டிமீட்டர் தொண்டைல ஆரம்பிச்சு 3 சதுர மீட்டர் வாய்க்கு போக 2.8 மீட்டர் ஆகும், ஒன்பது அடி. உங்க டாடா ஏஸ்ல ஹார்ன் ஏறும், அப்புறம் நீங்க பஸ்லதான் வரணும்.

இதுக்கு தொழில்ல இருக்குறவங்க கண்டுபிடிச்ச வழி ரெண்டு. ஒண்ணு, குழாயை மடிச்சு பாக்ஸுக்குள்ள வெக்கிறது. இன்னொண்ணு, வாயை பங்கு போட்டுக்கிறது. ஒரு பாக்ஸுக்கு வாய் அரை சதுர மீட்டர்னு வெச்சு 6 பாக்ஸை ஒட்டி ஒட்டி அடுக்குனா 40 ஹெர்ட்ஸுக்கு அந்த மொத்த அடுக்கும் ஒரே ஹார்ன்தான், 3 சதுர மீட்டர் வாய். ஒவ்வொரு பாக்ஸுக்குள்ளயும் குழாய் நீளம் 1.6 மீட்டர் இருந்தா போதும், அதை மடிச்சு, பின்னாடி சேம்பரும் (கோனுக்குப் பின்னாடி மூடுன அறை) சேத்து 2 அடி அகலம், 3 அடி உயரம், 3 அடி ஆழத்துல அடக்கிடலாம். 4 பாக்ஸ் மட்டும்னா கணக்கு 50 ஹெர்ட்ஸ் பக்கத்துல நிக்கும். அதுக்குக் கீழ சத்தம் வரவே வராதுன்னு இல்ல, மேடும் பள்ளமுமா வரும். ஆனா இதே பாக்ஸை பந்தலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு இந்தப் பக்கம் ரெண்டுன்னு பிரிச்சு வெச்சீங்கன்னா வாயும் பாதியாயிடும், ஹார்ன் கட்டுனதோட பிரயோஜனமும் போயிடும்.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், பாக்ஸ் கட்டி விக்கிறவங்க இதை சொல்ல மாட்டாங்க. உங்க கைல இருக்குற 4 ரிஃப்ளெக்ஸ் பாக்ஸையும் மேடைக்கு நடுவுல ஒண்ணா அடுக்கி ஒரு திருவிழா ஓட்டிப் பாருங்க. நாலும் ஒண்ணா தள்ளும்போது ஒரு பாக்ஸைவிட 12 டிபி வரும், அதுல 6 டிபி நாலு மடங்கு பவருக்கு, மிச்சம் 6 டிபி சும்மா பக்கத்துல பக்கத்துல வெச்சதுக்கு. இடமும் வலமுமா பிரிச்சு வெச்சா அந்த லாபம் நடுக்கோட்டுல நிக்கிறவங்களுக்கு மட்டும்தான், கொஞ்சம் தள்ளி நிக்கிறவங்களுக்கு சில ஹெர்ட்ஸ் காணாமலே போயிடும். டீசல் மிச்சம் பண்ண இதைவிட மலிவான வழி கிடையாது. இதை பண்ணிட்டும் பத்தலன்னாதான் ஹார்ன்.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்ல ஒரு பெரிய கம்பெனி ஹார்ன் பாக்ஸோட பிளான் வந்துச்சு. அப்படியே அளவெடுத்து கட்டி, கைல இருந்த 18 இன்ச் ஸ்பீக்கரை போட்டேன். பேஸ் ஊத்தலா இருக்கு, ரெண்டாவது ப்ரோகிராம்லயே ஒரு கோன் கிழிஞ்சிடுச்சு. பாக்ஸ் தப்பா, ஸ்பீக்கர் தப்பா அண்ணா? (மதுரை வாசகர்)

தம்பி, பிளானும் ஸ்பீக்கரும் ஜோடி. ஒண்ணை மட்டும் எடுத்துட்டு வந்தா இப்படித்தான் ஆகும். 18 இன்ச்ங்கிறது ஃப்ரேமோட அளவு, அதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லாது.

ஹார்னுக்கு வேண்டியது காந்தம் பலமான, கோன் விறைப்பான ஸ்பீக்கர். டேட்டாஷீட்ல க்யூ.இ.எஸ்.னு (Qes) ஒரு நம்பர் இருக்கும், காந்தம் கோனை எவ்வளவு பலமா பிடிக்குதுன்னு சொல்றது, கம்மின்னா பலம் அதிகம். அது 0.2-லருந்து 0.35-க்குள்ள இருந்தா ஹார்னுக்கு தோதானது. கார்ல போடுற லாங் த்ரோ சப்வூஃபர்ல கோன் கனம், க்யூ.இ.எஸ். அதிகம், சீல்டு பாக்ஸ்ல (முழுசா மூடுனது) நல்லா ஆடும், ஹார்ன்ல சோம்பேறி. எளிசா ஒரு கணக்கு இருக்கு. எஃப்.எஸ்.ஸை (Fs, கோன் தானா அதிர்ற ஹெர்ட்ஸ், அதே டேட்டாஷீட்ல இருக்கும்) ரெண்டால பெருக்கி க்யூ.இ.எஸ்.ஸால வகுங்க. எஃப்.எஸ். 35, க்யூ.இ.எஸ். 0.30-ன்னா 233 ஹெர்ட்ஸ் வரும். அதுக்கு மேல கோனோட கனமே சத்தத்தை அமுக்க ஆரம்பிச்சிடும்னு அர்த்தம். க்யூ.இ.எஸ். 0.7 இருக்குற ஸ்பீக்கர்ல அதே கணக்கு 100-க்கே வந்து நின்னுடும், நீங்க ஊத்தல்ங்கிறது அதுவாத்தான் இருக்கும். இந்த வழியை அமெரிக்க ஸ்பீக்கர் இன்ஜினியர் டான் கீல் 1977-ல ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி கூட்டத்துல வெச்ச பேப்பர்ல எழுதினார், இன்னிக்கும் எல்லாரும் அங்கருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

கிழிஞ்சதுக்கு காரணம் ரெண்டுல ஒண்ணு, இல்லன்னா ரெண்டும். 18 இன்ச் கோனோட பரப்பு சுமார் 1200 சதுர சென்டிமீட்டர். தொண்டை 500 இருந்தா அழுத்த விகிதம் (கோன் பரப்பை தொண்டைப் பரப்பால வகுத்தது) 2.4, அது சரி. ஆனா உங்க பிளான் ஒரு 15 இன்ச் விறைப்பான கோனுக்கு போட்டதா இருந்து தொண்டை 300-தான்னு வெச்சுக்கோங்க, விகிதம் 4-க்கு போயிடும், அந்த அழுத்தத்தை சாதாரண பேப்பர் கோன் தாங்காது, நடுவுல மடிஞ்சு கிழியும். இன்னொரு காரணம் ஹைபாஸ் (ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை வெட்டுற ஃபில்டர்) போடாதது. ஹார்ன் அதோட கட்ஆஃப்க்குக் கீழ கோனுக்கு எந்த பிடிமானமும் குடுக்காது, 25 ஹெர்ட்ஸ் வந்தா கோன் வெட்டவெளில ஓடுற மாதிரிதான் ஓடும். டிஜே பாட்டுல அந்த 25, 30 எல்லாம் தாராளமா இருக்கு. கட்ஆஃப்க்கு கொஞ்சம் கீழ, 40 ஹெர்ட்ஸ் ஹார்ன்னா 35-ல, ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு தடவைக்கும்) 24 டிபி ஹைபாஸ் கட்டாயம் போடுங்க. டிஎஸ்பி (சத்தத்தை வெட்டி, தாமதப்படுத்தி சரி பண்ற டிஜிட்டல் ப்ராசஸர்) இல்லாம ஹார்ன் ஓட்டாதீங்க.

அடுத்த தடவை கட்டுறதுக்கு முன்னாடி ஹார்ன்ரெஸ்ப்னு ஒரு புரோகிராம் இருக்கு, ஆஸ்திரேலியாக்காரர் டேவிட் மெக்பீன் எழுதி இலவசமா குடுக்குறார். பாக்க பழைய விண்டோஸ் காலத்து ஜன்னல் மாதிரி இருக்கும், பயந்துடாதீங்க. தொண்டை, வாய், நீளம், பின் சேம்பர், முன் சேம்பர், ஸ்பீக்கரோட நம்பர்கள் எல்லாம் போட்டா சத்தம் எவ்வளவு வரும், கோன் எவ்வளவு ஆடும் ரெண்டையும் வரைஞ்சு காட்டும். எல்லாரும் சத்தத்தோட கோட்டைத்தான் பாக்குறாங்க, கோன் ஆட்டத்தோட கோட்டைப் பாருங்க, கிழியறது அங்கதான் தெரியும். ஒரு ஷீட் ப்ளைவுட் விலைக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் உக்காந்து இதைப் போட்டுப் பாக்கறது ஒண்ணும் பெரிய செலவில்ல.

கேள்வி: ஸ்கூப் பாக்ஸ் நல்லதா, ஃப்ரண்ட் லோடட் ஹார்ன் நல்லதா? (விழுப்புரம் வாசகர்)

ஸ்கூப்ல கோனோட முன்பக்கம் நேரா ஜனங்களைப் பாத்து அடிக்கும், பின்பக்கம்தான் ஹார்ன் வழியா சுத்தி வந்து சேரும். ஃப்ரண்ட் லோடட்ல முன்பக்கம் ஹார்னுக்குள்ள அடிக்கும், பின்பக்கம் மூடியிருக்கும். கட்டுறது சுலபம், ஒரே ஒரு வளைவு, ஸ்பீக்கர் மாத்த ஸ்க்ரூ கழட்டுனா போதும். ஜமைக்கா சவுண்ட் சிஸ்டம்காரங்களும் அங்கருந்து லண்டன் போய் செட்டு கட்டுனவங்களும் ஸ்கூப்பை கொண்டாடுறாங்க, ரெக்கே பேஸுக்கு அந்த உருண்டையான சத்தம் அவங்களுக்கு பிடிக்கும், பிடிக்கிறதுல தப்பும் இல்ல. ஆனா முன்னாடி வர்ற சத்தமும் பின்னாடி சுத்தி வர்ற சத்தமும் ஏதோ ஒரு ஹெர்ட்ஸ்ல ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், அங்க ஒரு பள்ளம் விழும், ஈக்யூவால (ஹெர்ட்ஸ் வாரியா சத்தத்தை ஏத்தி இறக்குறது) அதை ரொப்ப முடியாது. தவில், பறை, கிக் டிரம் மாதிரி டக்குனு அடிச்சு டக்குனு நிக்க வேண்டிய சத்தத்துக்கு ஃப்ரண்ட் லோடட்தான் என் ஓட்டு. பின்னாடி சீல்டு சேம்பர் இருக்குறதால கோனும் பத்திரமா இருக்கும்.

ரெண்டுக்கும் நடுவுல டேப்டு ஹார்ன்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்காவுல டாம் டேன்லி பிரபலமாக்குனது, கோனோட ரெண்டு பக்கமும் ஒரே குழாய்க்குள்ளயே ரெண்டு இடத்துல திறக்கும். சின்ன பாக்ஸ்ல கீழ இறங்கும், ஆனா கணக்கு ஒரு இன்ச் தப்புனாலும் கெட்டுப்போகும், முதல் பாக்ஸா அதைக் கட்டாதீங்க.

கேள்வி: புதுசா 2 ஹார்ன் பேஸ் வாங்கி, பழைய 2 ரிஃப்ளெக்ஸ் பேஸோட சேத்து அடுக்குனா சத்தம் கூடறதுக்கு பதிலா குறையுது. ஒயரிங் எல்லாம் சரியா இருக்கு, ப்ளஸ் மைனஸ் நாலு தடவை பாத்துட்டேன். (சேலம் வாசகர்)

ஒயரிங்ல தப்பு இல்ல, நேரத்துல தப்பு. ரிஃப்ளெக்ஸ் கோன்லருந்து சத்தம் உடனே வெளிய வந்துடும். ஹார்ன்ல அது உள்ள மடிப்பு மடிப்பா சுத்திட்டு வரணும். குழாய் 1.6 மீட்டர்னா 4.6 மில்லிசெகண்ட் லேட். 1.6 மீட்டர்ங்கிறது 108 ஹெர்ட்ஸுக்கு சரியா பாதி அலை, அதாவது ஒண்ணு தள்ளும்போது இன்னொண்ணு இழுக்கும், அந்த இடத்துல மொத்தமா காலி, சுத்துவட்டாரத்துலயும் அரைகுறைதான். டிஎஸ்பில ரிஃப்ளெக்ஸுக்கும் டாப்புக்கும் (பேஸுக்கு மேல உள்ள சத்தத்துக்கான பாக்ஸ்) 4.6 மில்லிசெகண்ட் டிலே குடுத்து ஆரம்பிங்க, அப்புறம் ஒரு மெஷர்மென்ட் மைக் வெச்சு கொஞ்சம் முன்ன பின்ன நகர்த்துங்க. அப்பவும் ரெண்டு வகைக்கும் ஃபேஸ் (அலை எப்ப தள்ளுது, எப்ப இழுக்குதுங்கிறது) ஒரே மாதிரி ஓடாது, கீழ வர வர பிரியும். என்னைக் கேட்டா வேலையைப் பிரிச்சுக் குடுத்துடுங்க, 60-க்கு கீழ ரிஃப்ளெக்ஸ், 60-க்கு மேல ஹார்ன். சண்டை தீர்ந்துடும்.

கேள்வி: எம்டிஎஃப்ல (மரநாரை அழுத்திச் செய்ற பலகை) கட்டலாமா? விலை பாதிதான். (கடலூர் வாசகர்)

வேணாம். உங்க ஊர் மழைக்கு ஒரு சீசன்ல ஊறி உப்பிடும், தூக்கும்போது மூலை உடையும். 18 மி.மீ. ப்ளைவுட், முடிஞ்சா ஐ.எஸ். 710 மார்க் போட்ட மரைன் ப்ளை. உள்ள மடிப்புப் பலகையெல்லாம் ரெண்டு பக்க சுவத்தோடயும் ஒட்டியிருக்கணும், அதுவே பாக்ஸுக்கு பிரேஸ் (தாங்கு கட்டை) மாதிரி ஆயிடும். ஜாயின்ட்ல மயிரிழை இடைவெளி இருந்தாலும் ஹார்ன்ல விசில் அடிக்கும், தொண்டை பக்கத்துல அழுத்தம் அவ்வளவு. ஸ்பீக்கர் கழட்ட மூடி எங்கன்னு கட்டுறதுக்கு முன்னாடியே யோசிங்க, மூடிக்கு கேஸ்கெட் போட்டு டி-நட்ல (பலகைல பதிக்கிற நட்) போல்ட் பண்ணுங்க. மர ஸ்க்ரூ நாலு தடவை கழட்டி மாட்டுனா லூசாயிடும்.

கேள்வி: நான் இசிஇ படிக்கிறேன். காலேஜ் ஆடிட்டோரியத்துல டாப் பாக்ஸ் ஹார்ன் நேரா உக்காந்தா 'ஸ்ஸ்' காதைக் குத்துது, ஓரமா உக்காந்தா பேச்சே மங்கலா இருக்கு. ஹார்ன் ரிப்பேரா? இதை டிசைன்ல எப்படி சரி பண்றது? (மாணவி, கோவை)

நல்ல கேள்வி மா. ரிப்பேர் ஒண்ணுமில்ல, அது பழைய மாதிரி எக்ஸ்பொனென்ஷியல் ஹார்னா இருக்கும். அந்த வளைவு காத்துக்கு பிடிமானம் குடுக்குறதுல கெட்டி, ஆனா ஹெர்ட்ஸ் ஏற ஏற சத்தம் ஒரு கத்தையா குறுகிப் போகும், 10 கிலோ ஹெர்ட்ஸ் நடு வரிசைக்கு மட்டும்தான். இதுக்குத்தான் 1970-கள்ல எலெக்ட்ரோ வாய்ஸ் ஸ்பீக்கர் கம்பெனில இருந்தப்ப அதே டான் கீல் கான்ஸ்டன்ட் டைரக்டிவிட்டி ஹார்னைக் கொண்டு வந்தார், சுவர்கள் கிட்டத்தட்ட நேர்கோடா விரியும், 90 டிகிரின்னா எல்லா ஹெர்ட்ஸுக்கும் ஏறக்குறைய 90 டிகிரி. அதுக்கு விலை, நடுவுல ட்ரெபிள் குறைஞ்சு தெரியும், ஏன்னா அதே சத்தத்தை இப்ப எல்லாருக்கும் பங்கு போடுது, ஈக்யூல ஏத்திக்கணும்.

இங்கயும் அளவுதான் ராஜா. எந்த ஹெர்ட்ஸ் வரைக்கும் ஹார்ன் கோணத்தைப் பிடிச்சு வெக்கும்னு கணக்கு போட 25,400-ஐ கோணத்தாலயும் மீட்டர்ல வாய் அகலத்தாலயும் வகுக்கணும். 90 டிகிரி, 45 சென்டிமீட்டர் வாய்க்கு சுமார் 630 ஹெர்ட்ஸ். அதே 45 சென்டிமீட்டர்ல 60 டிகிரி கேட்டா 940. கோணம் குறுகலா வேணும்னா வாய் பெருசா வேணும், நிறைய பேர் உல்டாவா நினைக்கிறாங்க. உங்க ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுத்துக்கலாம், ஒரு மைக்கை சுத்தி 10 டிகிரிக்கு ஒரு தடவை அளந்து வரைஞ்சா போதும், மொட்டை மாடியே லேப்தான்.

கேள்வி: அந்தக் காலத்து கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு ஊர் தள்ளியும் கேக்கும். இப்ப அத்தனை வாட் போட்டும் அப்படி கேக்கலையே? (மன்னார்குடி வாசகர்)

அதுவும் ஹார்ன்தானே சார். குழாயை உள்ளுக்குள்ளயே மடிச்சது, பின்னாடி யூனிட். 20 இன்ச் வாய்னா சுற்றளவு கணக்குல 216 ஹெர்ட்ஸுக்கு கீழ அதுக்கு வேலையே கிடையாது, முழு பவரும் பேச்சு இருக்குற இடத்துலயே, ஒரே திசைல போகும், நம்ம காதும் அங்கதான் கூர்மை. மரத்துலயோ கோபுரத்துலயோ உசரத்துல கட்டுனதால கூட்டமும் வீடும் மறைக்காது, சாயங்காலம் தரை குளிர்ந்து மேல காத்து சூடா இருந்தா சத்தம் கீழ வளைஞ்சு இன்னும் தூரம் போகும். பாட்டு தகர டப்பால கேட்ட மாதிரி இருந்ததும் அதே காரணத்தாலதான். ஏக்கம் நியாயம்தான், ஆனா 2000-ம் வருஷ ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10-லருந்து காலைல 6 வரைக்கும் திறந்தவெளில ஒலிபெருக்கி கூடாது, மத்த நேரத்துலயும் இடத்தோட எல்லைல 75 டிபியைத் தாண்டக்கூடாது, குடியிருப்புன்னா அதைவிடக் குறைவு. கூம்பு ஸ்பீக்கருக்கு போலீஸ் கெடுபிடி ஏன்னு இப்ப புரியும்.

கேள்வி: ஒரே ஒரு ஹார்ன் பாக்ஸ் கட்டத்தான் காசு இருக்கு. கட்டலாமா? (பட்டுக்கோட்டை வாசகர்)

பேஸுக்குன்னா கட்டாதீங்க, முதல் பதில்ல சொன்ன கணக்கை பாருங்க, தனியா நிக்கிற ஒரு 40 ஹெர்ட்ஸ் ஹார்ன் பாக்ஸ் சின்ன வாயோட திண்டாடும், அந்தக் காசுக்கு ஒரு நல்ல ரிஃப்ளெக்ஸ் அதைவிட கீழ இறங்கும். ஆனா 80 ஹெர்ட்ஸ்லருந்து மேல போற மிட்பேஸ் ஹார்ன்னா தாராளமா கட்டுங்க. 80-க்கு அலைநீளம் 4.3 மீட்டர்தான், தரையில வெச்சா முக்கால் சதுர மீட்டர் வாய் முழுசா போதும், 3 அடிக்கு கால் அடி கம்மி ஒரு பக்கம், 3 அடி இன்னொரு பக்கம். குழாய் ஒரு மீட்டர், மடிக்கவே வேணாம், 15 இன்ச் ஸ்பீக்கர் ஒண்ணு, தொண்டை 350-லருந்து 500 சதுர சென்டிமீட்டர். அலைநீளத்தோட எந்த சமரசமும் பண்ணாத, ஒத்தையா நின்னே வேலை செய்ற ஹார்ன் இது. நெஞ்சுல குத்துற அந்த அடி பெரும்பாலும் 80-லருந்து 200 ஹெர்ட்ஸுக்குள்ளதான் இருக்கு, ஜனங்க பேஸ் பேஸ்னு கேக்குறது முக்காவாசி அதைத்தான். கீழ ஏற்கெனவே இருக்குற ரிஃப்ளெக்ஸ் பாத்துக்கட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்த பாக்ஸுக்கு முன்னாடி 100 டிபி ரொம்ப சுலபமா வந்துடும், அந்த அளவுல பாதுகாப்பு கணக்கு ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான், அதனால சவுண்ட் செக் பண்ற பையனுக்கு ஒரு ஜோடி இயர்ப்ளக் வாங்கிக் குடுத்துடுங்க, 50 ரூபா கூட ஆகாது.